நீலக் காரின் பழைய எண்

டோரீன் ஹெஸ்கெத்தைக் கார்ஸ்லி ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பிள்ளைகளுக்கு அவள் லாலிபாப் அம்மா. பெரியவர்களுக்குச் சட்டப்புத்தகம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுகிற வேலை அவளுக்கு. முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஞ்சள் கோட்டும், லாலிபாப் மிட்டாய்போல் உச்சியில் வட்டப் பலகை வைத்த நீளக் கோலுமாக இருபத்துமூன்று வருஷம் அதே ஓரத்தில் நின்றிருக்கிறாள். அவள் கோலை நட்டுவிட்டால் நட்டதுதான். ஒருமுறை பூமாலையோடு வந்த சவ வண்டியையே நிறுத்தி, ஆறு பிள்ளைகளைக் கடத்திவிட்ட பிறகுதான் போகச் சொன்னாள். ஓட்டுநர் முறைத்தபோது, "உள்ள இருக்கறவருக்கு ஒண்ணும் அவசரமில்லையே" என்றாள். ஊர் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

இப்படிப்பட்ட பெண் ஒரே ஒரு நாள் ஐந்து நிமிஷம் ஏமாற்றினாள்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் அது. மழையும் பனியும் கலந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றே முக்கால்வரை அவள் நின்றாக வேண்டும். ஆனால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் கிராமத்துக்குப் போகிற பேருந்தும் மூன்றே முக்காலுக்குத்தான் வரும். அதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். வரவேண்டியவள் ஒருத்திதான்: பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த ஜனீன். தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு மூன்று நாற்பத்திரண்டுக்கு வெளியே வருவாள். அவளைக் கடத்திவிட்டு, பேருந்தைக் கோட்டைவிட்டு, நடுங்கிக்கொண்டு நிற்பது டோரீனுக்குப் பழக்கம்தான். அன்று மட்டும் உடம்பு கேட்கவில்லை. வளர்ந்த பெண்தானே, இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க மாட்டாளா என்று நினைத்து, மூன்று நாற்பதுக்கே நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள்.

நிறுத்தம் அறுபது தப்படி தூரம். அங்கே நின்றுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். திரும்பியபோது சாலையில் வெள்ளையாக ஒரு ஏப்ரன் கிடந்தது. ஒரு கார் அதைத் தாண்டி வந்து, நிறுத்தத்து விளக்கின் கீழே, அவளுக்கு ஐந்தடி தள்ளி நின்றது. பின்புறச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. மஞ்சள் தகட்டில் எண் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே இருந்தவரின் தலை கண்ணாடிப் பக்கம் நிமிர்ந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு கார் போய்விட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து பேருந்து திரும்பி வந்தது. டோரீன் ஏறிக்கொண்டாள்.

 கால் ஏறியது, அவ்வளவுதான். சாலையில் கிடந்த ஜனீனை மூன்று ஐம்பத்திரண்டுக்கு யாரோ கண்டுபிடித்தார்கள். அப்போது உயிர் இல்லை.

மறுநாள் காவலர் வந்து கேட்டபோது, "எப்பவும் போல மூணே முக்காலுக்குத்தான் கிளம்பினேன், அதுவரைக்கும் ஒண்ணும் நடக்கல" என்றாள். சட்டப்புத்தகம் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அந்தப் பொய்யே நேரமாகக் குறிப்பில் ஏறியது. மூன்றே முக்காலுக்குப் பிறகு எந்தக் கார் அந்தப் பக்கம் போனது என்று ஒரு மாதம் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அதோடு போயிருந்தால்கூட அவள் எப்படியோ விழுங்கியிருப்பாள். ஜனீனின் அப்பா வில்ஃப் ராத்பன் அதற்கு விடவில்லை. அன்று மதியம் அவர் பள்ளிக்குப் போன் செய்து, வரும்போது கடையில் 'பை' என்கிற, பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சில் ஐந்து நிமிஷம் போனதால்தான் மகள் தாமதமாக வெளியே வந்தாள், டோரீன் போன பிறகு தனியாகக் கடந்தாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அன்றுமுதல் அவர் அந்தப் பலகாரத்தை வாயில் வைத்ததில்லை. தினமும் மதியம் பள்ளிக் கம்பிவேலிக்கு வந்து, மகள் நினைவாக அங்கே கட்டியிருக்கும் பூவைச் சரிசெய்துவிட்டு டோரீனோடு நாலு வார்த்தை பேசுவார். ஒவ்வொரு டிசம்பரிலும் அதையே சொல்வார்: "நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா நீ அவள கடத்தி விட்டிருப்ப, டோரீன்." அவள் தலையை ஆட்டுவாள். பதினோரு டிசம்பர் ஆட்டியிருக்கிறாள்.

இந்த மார்ச்சில் பேருந்தை நிறுத்தப் போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். கார் இல்லாமல் வேலைக்கு வர முடியாது. புருஷன் கிளிஃபர்ட் இருந்த காலத்தில் அவள் ஓட்டியவள்தான். அவர் போனதும் வண்டியை விற்றுவிட்டாள். அஞ்சல் நிலைய ஜன்னலில் ஒரு அட்டையைப் பார்த்தாள். சின்ன நீலக் கார், பதினான்கு வயது, வாங்கினதிலிருந்து ஒரே வீட்டில், நேரில் வந்து பார்க்கவும்.

காலை வேலை முடிந்த கையோடு, மஞ்சள் கோட்டைக்கூடக் கழற்றாமல் போனாள். கதவைத் திறந்தவள் பெரில் பிகர்ஸ்டாஃப். எழுபத்துநான்கு வயது, உதட்டுச்சாயம் பளபளத்தது.

"வா கண்ணு, வா. வெளிய நின்னா ஒறஞ்சு போவ. அவரக் கண்டுக்காத. ரெண்டு வருஷமா அப்படித்தான். காது கேக்கும், எல்லாம் புரியும், வாய்தான் வரல."

முன்னறை ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் ஆர்தர் பிகர்ஸ்டாஃப் இருந்தார். பக்கவாதம் அவருடைய வலது பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. டோரீன் குட்மார்னிங் சொன்னாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தார். கோட்டின் காலரிலிருந்து விளிம்புவரை பார்த்தார். பிறகு அவர் தொடைமேல் இருந்த தேநீர்க் கோப்பை சாய்ந்து கம்பளத்தில் கொட்டியது.

"அடடா, ஆர்தர்" என்று பெரில் துணி எடுத்து வந்து துடைத்தாள். "வேத்து மனுஷங்க வந்தா இப்படித்தான், கண்ணு."

கார் வாசலில் நின்றது. சுத்தமாக இருந்தது. எண் தகட்டில் ஆங்கிலத்தில் பெரிலின் பெயரே இருந்தது. ஓர் எழுத்து வரவேண்டிய இடத்தில் மூன்று என்ற இலக்கம் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"அழகா இருக்கு இல்ல?" என்றாள் பெரில். "இந்த நம்பரு, தனியா காசு கட்டி அவரு வாங்கிக் குடுத்த கிறிஸ்துமஸ் பரிசு. நாப்பது வருஷத்துல எனக்கு அவரு குடுத்தது ஒரு கெட்டில், ஒரு ஜோடி செருப்பு. அந்த வருஷம் திடீர்னு இது. ராத்திரியோட ராத்திரியா மாட்டிட்டு, காலையில என்னக் கூட்டிட்டு வந்து காட்டினாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"எந்த வருஷம்?" என்று டோரீன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் மனம் வேறு இடத்தில் இருந்தது.

"மிசஸ் பிகர்ஸ்டாஃப், இந்த நம்பரோட நான் வாங்க முடியாது."

"பெரில்னு கூப்பிடு. ஏன் முடியாது? எடுத்துக்கோயேன். நானா ஓட்டப் போறேன்?"

"உங்களுக்குத் தெரியல. நம்பர் வண்டியோட போயிடும். வித்ததுக்கப்புறம் வேணும்னா திரும்பக் கிடைக்காது. அதுவும் உங்க பேரு. நான் இதப் போட்டுக்கிட்டுப் போனா ஊரே என்னப் பெரில்னு கூப்பிடும். மொதல்ல நம்பர உங்க பேர்ல எடுத்து வச்சுக்கிறோம்னு வண்டிப் பதிவு ஆபீசுக்கு எழுதிப் போடுங்க. வண்டிக்கு அதோட பழைய நம்பர் தானா வந்துடும். புதுப் பதிவுத்தாள் கைக்கு வந்தப்புறம் பணம் தரேன். அதுக்கு முன்னால ஒரு பென்னி தர மாட்டேன், நீங்களும் சாவி தரக் கூடாது."

"ஆத்தாடி, நீ என்ன வக்கீலா?"

"எனக்கு எதுவும் முறையா இருக்கணும்."

உள்ளே ஜன்னல் கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. ஆர்தர் இடது கை முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரே சீராக, நிறுத்தாமல். வாயிலிருந்து ஏதோ வந்தது, வார்த்தையாகவில்லை.

"பாத்தியா, நம்பர எடுக்கப் போறோம்னதும் அவருக்கு மனசு ஆறல" என்றாள் பெரில். அவள் கண் கலங்கிவிட்டது. "பரிசாச்சே."

டோரீனுக்கு அந்த முகம் எங்கேயோ உறுத்தியது. பார்த்த முகம் இல்லை. ஆனாலும் பேருந்தில் வீடு திரும்பும்போது அவள் கைகள் சில்லிட்டிருந்தன. குளிர் என்று சொல்லிக்கொண்டாள். தனக்கு வேண்டாததை எல்லாம் குளிரின் தலையில் கட்டுகிற ஊர் அது.

பத்து நாள் கழித்துப் பெரில் போன் செய்தாள். தாள் வந்துவிட்டது. டோரீன் மதிய வேலைக்கு முன் பணத்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்றும் மஞ்சள் கோட்டுதான்; நேராக அங்கிருந்து பள்ளிக்கு ஓட்டிப் போவதாகத் திட்டம்.

பெரில் குஷியாக இருந்தாள். "உனக்கு ஒரு செலவு மிச்சம், கண்ணு. புதுத் தகடு அடிக்கவே வேணாம். கராஜ்ல பழைய கம்பளத்த இழுத்தேன், உள்ள சுத்தி வச்சிருக்காரு இந்த மனுஷன், பழைய தகட்ட. ஆணியக்கூடத் தூக்கிப் போடாத ஆளு. முன்னாடி மாட்டறது மட்டும் மூலையில ஒடஞ்சிருக்கு. அப்ப ஒரு மான் குறுக்க பாஞ்சு மோதிடுச்சுன்னாரு. மேட்டு ரோட்டுல. அவரே ஒக்காந்து முன்பக்கத்த எல்லாம் தட்டி நிமுத்தினாரு. பின்னாடி மாட்டறது நல்லாத்தான் இருக்கு, இந்தா."

நீட்டிய தகட்டை டோரீன் வாங்கினாள். மஞ்சள் தகடு. கம்பளத் தூசி ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் துடைத்தாள்.

நடுவில் ஐம்பத்தேழு. கடைசி மூன்று எழுத்தும் ஹெச், எஃப், டபிள்யூ. முதல் இரண்டைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை, அன்று நிறுத்தத்து விளக்கின் கீழே பார்த்த அதே எண். துடைத்தாள்.

"தாள்... தாளக் காட்டுங்க" என்றாள். தன் ஞாபகம் பிசகியிருக்கும், பதினோரு வருஷத்தில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும் என்று ஒரு நப்பாசை. பெரில் தேநீர்க் குடுவைக்கு அடியிலிருந்து தாளை உருவித் தந்தாள். தாள் பிசகவில்லை. இத்தனை வருஷமும் அந்த எண் செத்துப்போய்விட்டது என்றே அவள் நம்பியிருந்தாள். வேறொரு பெயருக்கு அடியில் உயிரோடு படுத்திருந்ததை, முறை முறை என்று அடம்பிடித்து அவளே எழுப்பிவிட்டாள்.

"என்ன கண்ணு, வெளுத்துட்ட?"

"எனக்கு... இந்த வண்டி வேணாங்க."

"இப்பச் சொல்ற?" பெரிலுக்குக் கோபமில்லை, அலுப்புதான். "சரி விடு. பழைய இரும்புக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். சனிக்கெழம வரச் சொல்லிடறேன். நசுக்கிப் போட்டு எடைக்கு வித்துக்குவான். எனக்கு வாசல் காலியானா போதும்."

சனிக்கிழமை. இன்னும் மூன்று நாள். அதற்கப்புறம் காரும் இல்லை, எண்ணும் இல்லை, உடைந்த தகடும் இல்லை. யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். கதவைத் திறந்து நடந்தால் போதும். ஐந்து நிமிஷம் முன்னதாக நடந்தாளே, அதுபோல.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் டோரீன். "ஸ்க்ரூ டிரைவர் இருக்கா? தகட்ட மாட்டிப் பாத்துடலாம்."

"கராஜ்ல இருக்கும். தேடணும். நீ அவரோட ஒக்காரு."

பெரில் போனதும் வீடு அடங்கியது. டோரீன் தகட்டைக் கையில் பிடித்தபடி முன்னறைக்குப் போனாள். ஆர்தர் அவளுக்காகக் காத்திருந்ததுபோல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் தகட்டுக்குப் போயின, கோட்டுக்கு வந்தன, மறுபடி தகட்டுக்குப் போயின.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு நின்னீங்க இல்ல, வெளக்குக்குக் கீழ. கண்ணாடியில என்னப் பாத்தீங்க."

ஆர்தர் கண்ணை மூடித் திறந்தார்.

"நான் சொல்லிடுவேன்னு எத்தன வருஷம் பயந்தீங்க?"

இடது கை நாற்காலிப் பிடியிலிருந்து மெல்ல எழுந்தது. அவள் மஞ்சள் கோட்டின் கைப்பகுதியைப் பற்றியது. நோயாளிக் கை என்று நம்ப முடியாத பிடி. தள்ளவில்லை, இழுக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டே இருந்தது. முகத்தின் ஒரு பாதி மட்டும் அழுதது. போகாதே என்கிறாரா, போய்ச் சொல் என்கிறாரா, அவளுக்குத் தெரியவில்லை. இந்த ஆளும் தானும் பதினோரு வருஷமாக ஒரே சத்தத்தோடு தூங்கி எழுந்திருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது. அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. தன்மேலும் வரவில்லை. பயம்தான் வந்தது. இன்னும் பத்து வருஷம் போனால் இப்படித்தான் ஒரு ஜன்னலோரம் தானும் உட்கார்ந்திருப்போம், சொல்ல வாய் இல்லாமல்.

விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

பெரில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்ததும் டோரீன், வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, காப்பீட்டுக் கம்பெனியைக் கூப்பிடக் கூடத்துப் போனை எடுத்தாள். காப்பீடு இல்லாமல் ஒரு தப்படி ஓட்ட மாட்டாள்; அந்தக் குணம் இப்போதும் போகவில்லை. போனில் இருந்த பெண் வண்டி எண்ணைக் கேட்டாள். தகடு சுவரில் சாய்ந்து, அவளுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது. டோரீன் சொன்னாள். முதல் இரண்டு எழுத்து, ஐம்பத்தேழு, கடைசி மூன்று எழுத்து. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்த எண் வாய்விட்டு வெளியே வந்தது. முன்னறைக் கதவு திறந்திருந்தது.

"பலே" என்றாள் பெரில். "ஒரு தடவ பாத்ததும் மனப்பாடமா? எனக்கெல்லாம் என் வீட்டு போன் நம்பரே நிக்காது."

"எனக்கு நிக்கும்" என்றாள் டோரீன்.

பணத்தைக் கொடுத்தாள். தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பின் தகட்டை மாட்டினார்கள். முன் தகடு உடைந்திருந்தால் ஓட்டக் கூடாது என்று சட்டம். அதையும் மாட்டச் சொன்னாள். வாழ்க்கையில் அவள் தெரிந்தே மீறிய இரண்டாவது விதி அது. பெரில் வாசலில் நின்று கையசைத்தாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது. இன்று சாயங்காலத்துக்குள் யாராவது அவள் கதவைத் தட்டுவார்கள், அவளுடைய ஒரே நல்ல பரிசு எதற்காக வந்தது என்று சொல்வார்கள்.  ஜன்னலில் ஆர்தர் தட்டவில்லை. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டிலிருந்து ஊருக்குள் இறங்கும் சாலையில் அவள் இருபது மைல் வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பள்ளிக்கு முன்னால், பூக் கட்டியிருந்த கம்பிவேலிக்கு எதிரே, பின்பக்கம் வேலியைப் பார்க்கும்படி நிறுத்தினாள். கோலை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள். மணி மூன்றேகால்.

பிள்ளைகள் வந்தார்கள், கடந்தார்கள். "லாலிபாப் அம்மா கார் வாங்கிடுச்சு" என்று ஒருத்தி கத்திக்கொண்டு ஓடினாள். கூட்டம் கரைந்து, மூன்று முப்பத்தைந்துக்கு வில்ஃப் வந்தார். எண்பதை நெருங்கும் உடம்பு, தொப்பி, கையில் சின்னக் கத்தரி. பூவின் வாடிய இதழ்களை நறுக்கினார்.

"கடைசியில வாங்கிட்டியா? பரவால்லயே. நல்லா ஓடுதா?"

இது மார்ச் மாதம். அவர் அந்தப் பேச்சை எடுக்கிற மாதம் இல்லை. கேட்காத கேள்விக்குத் தானாகப் பதில் சொல்ல வேண்டும். 

"வில்ஃப், வண்டிக்கு முன்னால போய்ப் பாருங்க. தகடு மூல ஒடஞ்சிருக்கு."

அவர் போனார், குனிந்தார், திரும்பி வந்தார். "ஆமா. மாத்திடு. உனக்கே பிடிக்காதே அதெல்லாம்."

"ஜனீன அடிச்ச வண்டி அது."

வில்ஃப் சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இந்த நம்பர நான் அன்னைக்கே பாத்தேன். அந்தா, நிறுத்தத்துல நின்னுக்கிட்டு. யாரு ஓட்டினதுன்னும் இன்னைக்குத் தெரிஞ்சுது. மேட்டுல இருக்காரு."

"நிறுத்தத்துல நீ எப்படி இருப்ப?" என்று மெதுவாகக் கேட்டார். "நீதான் மூணே முக்கால் வரைக்கும் இங்க நின்னியே."

"நிக்கல. மூணு நாப்பதுக்கே போயிட்டேன். குளுரா இருந்துச்சு."

கத்தரி அவர் கையில் அப்படியே திறந்திருந்தது.

"ஜனீன் லேட்டா வரல, வில்ஃப். எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான் வந்தா. உங்க போனால ஒண்ணும் ஆகல. நான்தான் இங்க இல்ல."

வில்ஃப் வேலியோரச் சிறு சுவரில் உட்கார்ந்தார். அவர் அவளைத் திட்டவில்லை.  "பதினோரு வருஷம்" என்றார். பிறகு, "தெனமும் என்னோட பேசினியே" என்றார். எழுந்து, காரின் பின்னால் போய் அந்த எண்ணை உதடசைத்துப் படித்தார். காவல் நிலையம் இருக்கும் பக்கம் நடந்தார். முதுகு நிமிர்ந்திருந்ததா, இன்னும் வளைந்துவிட்டதா என்று டோரீனால் சொல்ல முடியவில்லை.

பள்ளிச் சமையலறையில் இப்போது வேலை பார்க்கிற பெண் மூன்று நாற்பத்திரண்டுக்கு வெளியே வந்தாள். சாலையில் வண்டியே இல்லை. ஆனாலும் டோரீன் நடுச் சாலைக்குப் போய், கோலை நட்டு, அவளைக் கடத்திவிட்டாள்.

பிறகு தன் இடத்துக்குத் திரும்பி நின்றாள். மூன்றே முக்காலுக்குப் பேருந்து வந்து, காத்திருந்து, போனது. காவல் வண்டி திருப்பத்தில் தெரிந்தபோது மணி நாலு பத்து. அவள் நகரவில்லை.